ஒலிம்பிக் நடத்தும் ஊருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஒலிம்பிக்கோ கால்பந்து உலகக் கோப்பையோ நடத்தும் வாய்ப்பு ஒரு நாட்டுக்குக் கிடைத்ததும், கூடவே சில பெரிய எண்களும் செய்தியில் வந்துவிடும். இத்தனை ஆயிரம் கோடி வருமானம், இத்தனை லட்சம் வேலை, இத்தனை லட்சம் சுற்றுலாப் பயணிகள். 1994இல் அமெரிக்கா உலகக் கோப்பையை நடத்தியபோது 400 கோடி டாலர் ஆதாயம் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். போட்டி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஆட்டங்கள் நடந்த நகரங்களின் வருமானக் கணக்கைப் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். சொன்ன ஆதாயம் அதில் தென்படவில்லை. சராசரியாக அந்த நகரங்கள் வழக்கமாக வளர்ந்திருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாகவே வளர்ந்திருந்தன.

அரங்கங்கள் நிரம்பித்தான் இருந்தன. ஓட்டல்களிலும் கூட்டம் இருந்தது. அப்படியானால் பணம் எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது அதிலுள்ள எண்களை நாமே எடை போட்டுப் பார்க்கலாம்.

செலவான பணம் எல்லாம் புதுப் பணமா?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது மொத்த வரவையும் நிகர வரவையும். போட்டிக் காலத்தில் ஊருக்குள் புழங்கிய பணம் முழுவதையும் கூட்டினால் கிடைப்பது மொத்த வரவு. போட்டி நடக்காமல் இருந்திருந்தாலும் எப்படியும் புழங்கியிருக்கும் பணத்தை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர வரவு. முன்கூட்டியே வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலும் இந்தக் கழித்தல் ஒழுங்காக நடப்பதில்லை.

உள்ளூர்க் குடும்பம் ஒன்று ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் அவர்கள் சினிமாவுக்கோ வெளியே சாப்பிடவோ செலவழித்திருக்கக்கூடிய பணம்தான் இப்போது டிக்கெட்டாக மாறியிருக்கிறது. ஊரின் மொத்த வருமானம் இதனால் கூடவில்லை. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் பணம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை மாற்றீட்டு விளைவு என்பார்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்களின் செலவு புதுப் பணம்தானே என்று தோன்றும். ஆனால் போட்டிக்காக வருபவர்கள் வரும்போது, மற்றவர்கள் வராமல் போகிறார்கள். கூட்டம், போக்குவரத்து நெரிசல், எகிறிய அறை வாடகை, பாதுகாப்புக் கெடுபிடி எல்லாவற்றையும் நினைத்து, வழக்கமாக வரும் சுற்றுலாப் பயணிகளும் வியாபார விஷயமாக வருபவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டினரின் எண்ணிக்கை முந்தைய ஆகஸ்டைவிடக் குறைந்தது. வந்தவர்கள் கூடுதலாகச் செலவழித்ததால் மொத்தச் செலவு கொஞ்சம் உயர்ந்தது உண்மை. ஆனால் ஒலிம்பிக்குக்கு வந்த கூட்டத்தை மட்டும் எண்ணிக் காட்டினால், வராமல் போன இந்தக் கூட்டம் கணக்கிலேயே வராது.

மூன்றாவது, கசிவு. ஆட்டம் நடக்கும் வாரங்களில் ஒரு பன்னாட்டு ஓட்டல் அறை வாடகையை மூன்று மடங்காக்குகிறது. அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணின் சம்பளம் மூன்று மடங்காவதில்லை. கூடுதல் லாபம் ஓட்டலின் தலைமை அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே போய்விடும். பெருக்கி விளைவு என்று ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கலாம். ஊருக்குள் வரும் ஒரு ரூபாய் கைமாறிக் கைமாறி இரண்டு, மூன்று ரூபாய்க்கான வேலையைச் செய்யும் என்பது அது. சாதாரண நாட்களுக்கு அது பொருந்தும். போட்டிக் காலத்தில் பணம் இரண்டாவது கைக்குப் போவதற்கு முன்பே ஊரைவிட்டு வெளியேறிவிடுவதால், அதே பெருக்கலைப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

பெரிய வருமானம் யாருக்குப் போகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. உலகக் கோப்பையின் ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர் பணம், டிக்கெட் வருமானம் ஆகியவை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குச் சேர்கின்றன. கத்தார் உலகக் கோப்பையோடு முடிந்த நான்கு ஆண்டுகளில் ஃபிஃபாவின் வருமானம் சுமார் 750 கோடி டாலர். அரங்கம், சாலை, காவல் எல்லாம் நடத்தும் நாட்டின் பொறுப்பு. ஃபிஃபாவுக்கு வரிவிலக்கும் கேட்பார்கள். ஒலிம்பிக்கில் உள்ளூர் அமைப்புக் குழுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றாலும், ஒளிபரப்பு வருமானத்தின் பெரும்பகுதி சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கைக்குத்தான் போகிறது.

பட்ஜெட் ஏன் ஒருமுறைகூட நிற்பதில்லை

1960 முதல் 2016 வரை நடந்த ஒலிம்பிக்குகளில் செலவு விவரம் கிடைத்தவற்றை ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பணவீக்கத்தைக் கழித்த பிறகும் செலவு சராசரியாக 172 சதவீதம் கூடியிருந்தது. அதாவது 100 ரூபாய் ஆகும் என்றது 272 ரூபாயில் முடிந்தது. பட்ஜெட்டுக்குள் அடங்கிய ஒலிம்பிக் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு முக்கியக் காரணம் தேதி. ஒரு பாலம் கட்டும்போது பணம் தட்டுப்பட்டால் ஆறு மாதம் தள்ளிப்போடலாம், வடிவத்தைச் சுருக்கலாம். பணம் போதவில்லை என்பதற்காக ஒலிம்பிக் தொடக்க நாளைத் தள்ளிப்போட முடியாது. கெடு நெருங்க நெருங்க, கேட்ட விலையைக் கொடுத்து வேலையை முடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஒப்பந்தக்காரர்களுக்கும் அது தெரியும். அதோடு, செலவு மிஞ்சினால் நடத்தும் தரப்பே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முன்பே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

இன்னொரு காரணம் ஏல முறை. பல நகரங்கள் போட்டியிடும்போது, வரப்போகும் ஆதாயத்தை யார் மிக அதிகமாகக் கற்பனை செய்கிறார்களோ அவர்களே மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க முன்வருவார்கள். ஆகவே ஜெயிப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் கொடுத்தவராக இருப்பார். பொருளாதாரத்தில் இதை வென்றவரின் சாபம் என்கிறார்கள்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976இல் ஒலிம்பிக்கை நடத்தியது. ஒலிம்பிக்கில் நஷ்டம் வருவது ஓர் ஆணுக்குப் பிரசவம் ஆவதைப் போல நடக்கவே முடியாத காரியம் என்று அப்போதைய மேயர் ழான் ட்ராப்போ சொல்லியிருந்தார். கடைசியில் சுமார் 150 கோடி கனடிய டாலர் கடன் தலையில் விழுந்தது. அதை அடைக்கப் புகையிலைக்கு ஒரு தனி வரி போட்டார்கள். கடன் தீர்ந்தது 2006இல். போட்டி நடந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது. போட்டியின்போது முடிந்திருக்க வேண்டிய அரங்கக் கோபுரமும் திறந்து மூடும் கூரையும் 1987இல்தான் முழுமையாயின.

லண்டனின் கணக்கு வேறு மாதிரி. ஏலத்தின்போது அரசுப் பணமாகச் சொன்னது சுமார் 240 கோடி பவுண்டு. 2007இல் அதை 930 கோடி பவுண்டாகத் திருத்தினார்கள். கடைசியில் செலவு 880 கோடிக்குச் சற்றுக் குறைவாக வந்ததும், பட்ஜெட்டுக்குள் முடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். திருத்திய பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் அது சரி. ஆனால் மக்கள் ஒப்புதல் கொடுத்தது முதல் எண்ணைப் பார்த்து. அதனால் எந்தப் போட்டியைப் பற்றி வாசித்தாலும், சொல்லப்படும் பட்ஜெட் எந்த ஆண்டு எழுதியது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

போட்டி முடிந்த பிறகு

ஆட்டங்கள் சில வாரம்தான். அரங்கத்தின் ஆயுள் முப்பது, நாற்பது வருடம். அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்தில் 2014 உலகக் கோப்பைக்காகச் சுமார் 44,000 பேர் அமரும் அரங்கத்தைக் கட்டினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கு. பிரேசிலின் முதல் பிரிவில் ஆடும் அணி எதுவும் அந்த ஊரில் இல்லை. தலைநகர் பிரேசிலியாவின் 70,000 இருக்கை அரங்கத்துக்கும் அதே நிலைமை. போட்டி முடிந்த அடுத்த வருடம் அதன் வாகன நிறுத்துமிடத்தில் நகரப் பேருந்துகளை நிறுத்தி வைத்தார்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். வாங்குகிற செலவு ஒரு தடவை, பராமரிப்புச் செலவு வருடா வருடம். புல்தரை, மின்சாரம், காவல், பழுதுபார்ப்பு என்று அரங்கம் சும்மா கிடந்தாலும் பணம் தின்னும்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் இந்தப் பள்ளத்தில் விழவில்லை. மாண்ட்ரியலின் கதையைப் பார்த்து மற்ற நகரங்கள் ஒதுங்கிக்கொண்டதால், கடைசியில் களத்தில் நின்றது அந்த ஒரே நகரம்தான். பேரம் பேசும் பலம் அதன் பக்கம் இருந்தது. செலவு மிஞ்சினால் நகரம் பொறுப்பேற்காது என்ற நிபந்தனையை ஒலிம்பிக் குழு ஏற்க வேண்டி வந்தது. 1923இல் கட்டி முடித்த பழைய அரங்கத்தையே முக்கிய மைதானமாக்கினார்கள். வீரர்கள் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கினார்கள். பீட்டர் யூபெரோத் தலைமையிலான தனியார் குழு ஸ்பான்சர்களைத் திரட்டியது. முடிவில் 20 கோடி டாலருக்கு மேல் மிஞ்சியது. இந்த வெற்றியைப் பார்த்து மறுபடி நகரங்கள் வரிசையில் நின்றன, ஏலம் சூடுபிடித்தது, பேரம் பேசும் பலம் திரும்ப ஒலிம்பிக் குழுவிடமே போய்ச் சேர்ந்தது.

லாபக் கணக்கைத் தாண்டி ஒரு நகரமே மாறியதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1992 பார்சிலோனா. பழைய தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் நகரத்தைக் கடலிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தன. ஒலிம்பிக்கை ஒட்டி அவற்றை அகற்றிக் கடற்கரையைத் திறந்துவிட்டார்கள். சுற்றுச்சாலை அமைத்தார்கள், விமான நிலையத்தை விரிவாக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, இந்த யோசனைகளில் பல ஒலிம்பிக் வாய்ப்பு கிடைக்கும் முன்பே நகரத் திட்டமிடுவோர் கையில் இருந்தன என்பது. ஒலிம்பிக் வந்து அவற்றுக்குப் பணத்தையும் கெடுவையும் கொடுத்தது. ஜப்பானிலும் இதுதான் நடந்தது. டோக்கியோ ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் முன்பு, 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. நாட்டுக்கு எப்படியும் தேவைப்பட்ட ரயில் அது. ஆட்டம் முடிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் மக்கள் போய் வருகிறார்கள்.

என் பார்வையில் இந்த விஷயத்தின் மையமே இதுதான். ஒரு நகரத்துக்கு என்ன வேண்டும் என்பதைப் போட்டியால் கண்டுபிடித்துத் தர முடியாது. ஏற்கெனவே தெரிந்த தேவையை வேகப்படுத்தித் தரத்தான் முடியும். தேவை என்னவென்று தெரியாமலேயே போட்டியை வாங்கும் ஊரில் மிஞ்சுவது அரங்கம் மட்டுமே. பார்சிலோனாவிலும் எல்லாம் இனிப்பாகவே முடிந்துவிடவில்லை. சுற்றுலா பெருகிப் பெருகி, வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் போய், இன்று அந்த ஊர்க்காரர்களே சுற்றுலாவுக்கு எதிராக ஊர்வலம் போகிறார்கள்.

கிரேக்க நாட்டைத் திவாலாக்கியது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியான கணக்கு அல்ல. ஒலிம்பிக்குக்கு ஆன செலவு 900 கோடி யூரோ அளவில் இருந்தது. நெருக்கடி வெடித்தபோது நாட்டின் கடன் சுமார் 30,000 கோடி யூரோ. புல் முளைத்துக் கிடந்த அரங்கங்களின் படங்கள் வேதனை தருபவைதான், ஆனால் அந்தக் கடனின் பெரும்பகுதி வேறு காரணங்களால் வந்தது. குறை சொல்லும்போதும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

யார் வீடு, யார் உழைப்பு

பணக் கணக்கில் வராத விலைகளும் உண்டு. எனக்கு மிகவும் உறுத்துவது வீடு இழப்பவர்களின் கதை. அரங்கத்துக்கும் சாலைக்கும் நிலம் வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது ஏழைகளின் குடியிருப்புதான். 1988 ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில் சியோல் நகரத்தில் குடிசைப் பகுதிகளை இடித்ததில் லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். ரியோ டி ஜெனிரோவில் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியிருந்த விலா ஆட்டோட்ரோமோ என்ற குடியிருப்பில் சுமார் 600 குடும்பங்கள் இருந்தன. அழுத்தம், இழப்பீடு, புல்டோசர் எல்லாம் வந்தன. கடைசிவரை போராடி அங்கேயே புது வீடு பெற்றவை 20 குடும்பங்கள். போட்டியால் நில மதிப்பு உயரும் என்பது சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு நல்ல செய்தி. வாடகைக்கு இருப்பவருக்கும் பட்டா இல்லாதவருக்கும் அதே செய்தி வெளியேற்றமாக வந்து சேர்கிறது.

அடுத்தது கட்டியவர்கள். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கான கட்டுமானத்தில் இந்தியா, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து போன தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது. கடும் வெயில், தாமதமான கூலி, முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாற முடியாத கஃபாலா முறை. உலகத்தின் பார்வை அங்கே திரும்பியதால் சில மாற்றங்களும் வந்தன. 2020இல் வேலை மாற முதலாளியின் அனுமதி தேவை என்ற விதியை நீக்கினார்கள், மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தார்கள். நடைமுறையில் அது எல்லோரையும் எட்டவில்லை என்று தொழிலாளர் அமைப்புகள் தொடர்ந்து சொல்லி வந்தன. உலகக் கோப்பை இல்லாவிட்டால் இந்தச் சட்ட மாற்றம் வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. இறந்துபோனவர்களின் குடும்பங்களுக்கு அதில் ஆறுதல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டமும் சில சமயம் போட்டிக்காக வளைகிறது. பிரேசிலில் 2003 முதல் கால்பந்து அரங்கங்களில் மது விற்கத் தடை இருந்தது. உலகக் கோப்பை ஸ்பான்சர்களில் ஒரு பீர் நிறுவனம் இருந்ததால் 2012இல் அந்தத் தடையைத் தளர்த்தித் தனிச் சட்டம் போட்டார்கள். 2013 ஜூனில் சாவோ பாவ்லோவில் பேருந்துக் கட்டணம் 20 சென்டாவோ ஏறியதற்காகத் தொடங்கிய போராட்டம் நாடு முழுக்கப் பரவியபோது, ஃபிஃபா தரத்தில் அரங்கம் இருக்கும்போது ஃபிஃபா தரத்தில் மருத்துவமனையும் பள்ளியும் எங்கே என்று மக்கள் பதாகை பிடித்தார்கள். அரங்கத்துக்குப் போன பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசிப்பதைப் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்பார்கள். அந்தப் பதாகையைவிடத் தெளிவாக அதை விளக்க எனக்குத் தெரியாது.

சரி, நல்லதே இல்லையா? உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி முடிந்ததும், நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை அணிந்து வந்து அணித் தலைவர் பிரான்சுவா பினாரிடம் கோப்பையைக் கொடுத்தார். கறுப்பின மக்கள் நிறவெறியின் அடையாளமாகப் பார்த்த சட்டை அது. தென்கொரியாவில் 1987 ஜூனில் ஜனநாயகம் கேட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். மறு வருடம் ஒலிம்பிக், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ராணுவப் பின்னணி கொண்ட அரசு நேரடித் தேர்தலுக்கு இறங்கி வந்ததில் அந்த அழுத்தத்துக்கும் பங்கு இருந்தது. 2012 லண்டன் பாராலிம்பிக்குக்கு 27 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டைப் பரிதாபத்தோடு பார்த்த பழக்கம் போய், விளையாட்டாகவே பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. இவற்றுக்கு விலை போட முடியாது.

மக்களின் மகிழ்ச்சியையும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரிய கால்பந்துப் போட்டியை நடத்தும் நாடுகளில் போட்டிக் காலத்தில் மகிழ்ச்சி உயர்வது தெரிகிறது. அது நீண்ட நாள் தங்குவதில்லை. அதைப் பெரிய பொருளாதார ஆதாயம் என்று வேடம் போட்டு விற்க வேண்டியதில்லை. ஊர் கூடிக் கொண்டாடும் ஒரு திருவிழாவுக்கு இவ்வளவு செலவழிக்க விருப்பமா என்று மக்களிடம் நேராகவே கேட்கலாம்.

அப்படிக் கேட்ட இடங்களில் மக்கள் பல முறை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். 1976 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமையை வாங்கிய அமெரிக்காவின் டென்வர், 1972இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தது. 2015இல் ஹாம்பர்க் மக்கள் வாக்கெடுப்பில் மறுத்தார்கள். அதே வருடம் பாஸ்டன் எதிர்ப்பு காரணமாக விலகியது. அப்புறம் ரோம், புடாபெஸ்ட். 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஆஸ்லோவும் விலகியதால் கடைசியில் பெய்ஜிங், அல்மாட்டி இரண்டு மட்டுமே மிஞ்சின. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டிக்கு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருந்தது. செலவு 600 கோடியைத் தாண்டும் என்று சொல்லி 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. அதற்கு 38 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. பிறகு கிளாஸ்கோ அந்தப் போட்டியைப் பத்து விளையாட்டுகளோடு சுருக்கி ஏற்றுக்கொண்டது.

நகரங்கள் இப்படி ஒதுங்கியதால் ஒலிம்பிக் குழுவும் இறங்கி வந்திருக்கிறது. இருக்கும் அரங்கங்களைப் பயன்படுத்துங்கள் என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள். 2024 பாரிஸில் சுமார் 95 சதவீத இடங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. சேன் நதியைத் தூய்மைப்படுத்த 140 கோடி யூரோ செலவழித்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் தடை இருந்த அந்த நதியில் 2025 கோடையில் பொதுமக்கள் நீந்தத் தொடங்கினார்கள். 2028இல் மறுபடியும் லாஸ் ஏஞ்சலஸ். நிரந்தரமாகப் புது அரங்கம் எதுவும் கட்டுவதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் 1984இல் கிடைத்த சலுகை இந்த முறை கிடைக்கவில்லை. செலவு மிஞ்சினால் முதல் 27 கோடி டாலரை நகரமும், அடுத்த 27 கோடியைக் கலிபோர்னியா மாநிலமும், அதற்கு மேல் வருவதைத் திரும்பவும் நகரமும் ஏற்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.